அனைத்தும் அடங்கிய சுற்றுலா: எது அடங்கும்? எது அடங்காது?

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக. தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடையளித்திடுக.

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நாளிதழ்களிலும் புலனக் குழுக்களிலும் சுற்றுலா விளம்பரங்கள் வலம்வரத் தொடங்கிவிடும். “ரெடாங் தீவு, 3 பகல் 2 இரவு, அனைத்தும் அடங்கும்” என்று ஒன்று அழைக்கும். “தமிழ்நாட்டுக் கோயில் சுற்றுலா, எல்லாம் எங்கள் பொறுப்பு” என்று மற்றொன்று ஆசை காட்டும். பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை இத்தகைய விளம்பரங்களை நம்பியே குடும்பங்கள் செலுத்துகின்றன. அந்தப் பயணம் மனநிறைவு தருமா, போகுமிடமெல்லாம் பணப்பையைத் திறக்க வைக்குமா என்பது பெரும்பாலும் ‘அனைத்தும்’ என்ற ஒரு சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

கேட்பதற்கு அச்சொல் ஒரு வாக்குறுதியைப் போல ஒலிக்கும். ஆனால், சுற்றுலாத் துறையில் அது ஒரு பட்டியலின் தலைப்பு மட்டுமே. அந்தப் பட்டியலில் எழுதப்பட்டவை அடங்கும், எழுதப்படாதவை அடங்கா. ஆகவே, தலைப்பைப் படிப்பதோடு நின்றுவிடாமல் பட்டியலையும் படிக்கக் கற்றுக்கொள்வது நம் கடமையாகிறது.

தொகுப்புச் சுற்றுலா வளர்ந்த கதை

பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்கு விற்பதைத் தொகுப்புச் சுற்றுலா என்கிறோம். இதன் முன்னோடியாகக் கருதப்படுபவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் குக். இவர் 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக ஏறத்தாழ 500 பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ நகருக்கு இரயிலில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஆளுக்கு ஒரு ஷில்லிங். தனித்தனியே சீட்டு வாங்குவதைவிடக் கூட்டமாக வாங்கினால் விலை குறையும் என்ற எளிய உண்மையே அவருடைய தொழிலுக்கு அடித்தளமாக அமைந்தது.

விமானப் பயணத்தில் இதே வழியை விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் கையாண்டார். 1950ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து கோர்சிகா தீவுக்கு ஒரு முழு விமானத்தையும் வாடகைக்கு அமர்த்தினார். விமானப் பயணம், கூடாரத்தில் தங்கும் வசதி, உணவு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து அவர் வாங்கிய கட்டணம் 32 பவுன் 10 ஷில்லிங். அதே ஆண்டில் ஜெரார் பிளிட்ஸ் என்பவர் ஸ்பெயின் நாட்டின் மயோர்கா தீவில் ‘கிளப் மெட்’ என்ற விடுமுறை முகாமைத் தொடங்கினார். உணவு, விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகியவற்றை ஒரே கட்டணத்துக்குள் அடக்கிய விடுதிகளுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. இந்நிறுவனம் ஆசியாவில் அமைத்த முதல் விடுதி நம் நாட்டில்தான், பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரையில் உள்ளது.

இங்கு ஒரு சுவையான செய்தி உண்டு. அந்நிறுவனத்தின் முகாம்களில் பல்லாண்டுகளாகக் குடிவகைகளின் விலை மட்டும் கட்டணத்தில் சேர்க்கப்படவில்லை. நீச்சலுடையில் திரியும் விருந்தினர்கள் பணத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? அதனால் வண்ண மணிகளை வாங்கிக் கழுத்திலோ கையிலோ அணிந்துகொண்டு, வேண்டிய பானத்துக்கு மணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அனைத்தும் அடங்கிய விடுதிகளின் முன்னோடியிலேயே அடங்காதது ஒன்று இருந்திருக்கிறது.

விலை ஏன் குறைகிறது?

இன்றிரவு காலியாகக் கிடந்த விடுதி அறையை நாளை இருமுறை விற்க முடியாது. ஆளில்லாமல் பறந்த விமான இருக்கைக்கும் இதே நிலைதான். எனவே, விடுதிகளும் விமான நிறுவனங்களும் தங்கள் அறைகளையும் இருக்கைகளையும் மொத்தமாக வாங்குவோருக்குக் குறைந்த விலையில் தருகின்றன. பயண நிறுவனம் அவற்றை இணைத்து, தன் இலாபத்தையும் சேர்த்து நமக்கு விற்கிறது. இதனால் இரு தரப்பும் பயனடைகின்றன. பயணிக்கு விலை குறைகிறது. எவ்வளவு செலவாகும் என்பதும் முன்கூட்டியே தெரிகிறது. மொழி தெரியாத ஊரில் பேருந்து தேடி அலைய வேண்டியதில்லை. முதியவர்களையும் சிறுவர்களையும் அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு இது பெரும் நிம்மதி.

பொதுவாக அடங்குபவை

தொகுப்புச் சுற்றுலாவை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, ஒரே விடுதியில் தங்கி ஓய்வெடுப்பது. இரண்டாம் வகை, வழிகாட்டியுடன் குழுவாக ஊர் ஊராகச் செல்வது.

முதல் வகையில் அறை, வேளை உணவு, விமான நிலையத்திலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ விடுதிக்கு அழைத்துச் செல்லும் போக்குவரத்து ஆகியவை பெரும்பாலும் அடங்கும். நீச்சல் குளம், கடற்கரை விளையாட்டுகள், மாலை நேரக் கலை நிகழ்ச்சிகள், சிறுவர்களுக்கான நடவடிக்கைகள் போன்றவையும் பல விடுதிகளில் சேர்ந்தே வரும். துடுப்புப் படகு போன்ற இயந்திரமில்லா நீர் விளையாட்டுகளுக்குத் தனிக் கட்டணம் இராது. இயந்திரப் படகில் இழுக்கப்படும் விளையாட்டுகள், ஆழ்கடல் முக்குளிப்பு, உடல்பிடி நிலையம், விடுதிக்கு வெளியே செல்லும் சுற்றுலா ஆகியவற்றுக்கு வழக்கமாகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் வகையில் விமானச் சீட்டு, தங்குமிடம், பேருந்து, வழிகாட்டி, குறிப்பிட்ட சில இடங்களுக்கான நுழைவுச் சீட்டு, குறிப்பிட்ட சில வேளை உணவு ஆகியவை இடம்பெறும். இங்கு ‘குறிப்பிட்ட சில’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். பயண நிரலில் ஓர் இடத்தின் பெயர் இருப்பதாலேயே அதன் உள்ளே சென்று பார்ப்போம் என்று பொருளாகாது. ‘வெளியிலிருந்து பார்வையிடுதல்’ என்று எழுதியிருந்தால், கட்டடத்தின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

உணவைக் குறிக்கும் சொற்கள்

விடுதிகள் உணவுத் திட்டங்களை நான்கு வகையாகக் குறிப்பிடுகின்றன.

1. காலை உணவுத் திட்டம்: அறையும் காலைச் சிற்றுண்டியும் மட்டும்.
2. அரை உணவுத் திட்டம்: காலை உணவோடு மற்றொரு வேளை உணவு, பெரும்பாலும் இரவு உணவு.
3. முழு உணவுத் திட்டம்: மூன்று வேளை உணவு. பானங்களும் நொறுக்குத் தீனிகளும் இதில் அடங்காமல் போகலாம்.
4. அனைத்தும் அடங்கிய திட்டம்: மூன்று வேளை உணவோடு, குறிப்பிட்ட நேரங்களில் சிற்றுண்டியும் பானங்களும்.

நான்காவது திட்டத்திலும் எல்லை உண்டு. ஒரு விடுதியில் ஐந்து உணவகங்கள் இருந்தால், பொது உணவகத்தில் மட்டுமே கட்டணமின்றி உண்ணலாம் என்று விதி இருக்கக்கூடும். சைவ உணவு உண்போரும், உடல்நலம் கருதிச் சில உணவுகளைத் தவிர்ப்போரும் முன்பதிவின்போதே அதைத் தெரிவித்துவிட வேண்டும். முட்டை, மீன் கலவாத உணவு கிடைக்குமா என்பதைத் தீவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால், வெறும் சோற்றோடும் கீரையோடும் பாட்டி பசியாற நேரலாம்.

பொதுவாக அடங்காதவை

விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்துகளில் அச்சிடப்படும் பகுதியில்தான் இவை இருக்கும். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கோ படகுத்துறைக்கோ செல்லும் செலவு, கடப்பிதழ், விசா கட்டணம், சில நாடுகளில் வசூலிக்கப்படும் சுற்றுலா வரி ஆகியவை அவற்றுள் சில. மலேசியாவில் விடுதிகளில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகளிடமிருந்து ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வசூலிக்கப்பட்டு வருகிறது. இதைப் போலவே நாம் வெளிநாடு செல்லும்போது அந்நாட்டு வரியை விடுதியிலேயே நேரில் செலுத்த நேரலாம்.

குழுச் சுற்றுலாக்களில் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்க வேண்டிய அன்பளிப்பு, நாளொன்றுக்கு இவ்வளவு என்று முன்பே வரையறுக்கப்பட்டிருக்கும். பெயர் அன்பளிப்பு, நடைமுறையில் அதுவும் ஒரு கட்டணமே. எரிபொருள் விலை உயர்ந்தால் கூடுதல் தொகை கேட்கப்படலாம். தனி ஒருவராக அறையில் தங்குவோர் ‘தனியறைக் கூடுதல் கட்டணம்’ செலுத்த வேண்டும். ஏனெனில், விளம்பரத்தில் காணும் விலை இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வதாகக் கருதிக் கணக்கிடப்பட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பயணக் காப்புறுதி. பல தொகுப்புகளில் அது இராது. இருந்தாலும் இழப்பீட்டுத் தொகை குறைவாக இருக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான சிகிச்சையைப் பல காப்புறுதித் திட்டங்கள் ஏற்பதில்லை. இதய நோயோ நீரிழிவோ உள்ள தாத்தாவை அழைத்துச் செல்லும் குடும்பம், காப்புறுதி ஆவணத்தைப் பயண நிரலைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நாளைக் கணக்கிடும் முறையையும் அறிந்திருத்தல் நலம். ‘3 பகல் 2 இரவு’ என்றால் மூன்று முழு நாள்கள் கிடைக்கும் என எண்ணிவிடக் கூடாது. முதல் நாள் நண்பகலில் போய்ச் சேர்ந்து, பிற்பகலில்தான் அறைச் சாவியைப் பெறுவோம். மூன்றாம் நாள் முற்பகலிலேயே அறையைக் காலி செய்ய வேண்டும். முழுமையாகக் கையில் கிடைப்பது நடுவிலுள்ள ஒரு நாள்தான்.

ரெடாங் தீவு: ஒரு கணக்கு

திரங்கானு மாநிலத்தைச் சேர்ந்த ரெடாங் தீவு, கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்குப் பெரும்பாலோர் தொகுப்புச் சுற்றுலாவாகவே செல்கின்றனர். அதற்குக் காரணம் உண்டு. தீவில் கடைகளும் உணவகங்களும் மிகக் குறைவு. பொருள்கள் படகில் வந்து சேர வேண்டும். எனவே, படகுப் பயணம், அறை, வேளை உணவு, பவளப்பாறைகளைக் காண அழைத்துச் செல்லும் முக்குளிப்புப் பயணம் ஆகியவற்றை விடுதிகளே ஒன்றாக விற்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் விடுதிகள் பல மூடப்படும். அதனால் மற்ற மாதங்களின் பள்ளி விடுமுறைகளில் கூட்டம் அலைமோதும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என ஐவர் செல்கின்றனர். விளம்பரத்தில் “ஒருவருக்கு 550 ரிங்கிட், அனைத்தும் அடங்கும்” என்றிருக்கிறது.

தொகுப்புக் கட்டணம்:
பெற்றோர் இருவர் (2 × 550) – 1,100 ரிங்கிட்
பெற்றோர் அறையிலேயே தங்கும் பிள்ளைகள் இருவர் (2 × 400) – 800 ரிங்கிட்
தனியறையில் தங்கும் பாட்டி (550 + 200) – 750 ரிங்கிட்
கூட்டுத்தொகை – 2,650 ரிங்கிட்

தொகுப்பில் அடங்காதவை:
பள்ளி விடுமுறைக் கூடுதல் கட்டணம் (5 × 50) – 250 ரிங்கிட்
கோலாலம்பூர் – கோலத் திரங்கானு பேருந்து, போக வர (5 × 100) – 500 ரிங்கிட்
கடல் பூங்காக் கட்டணமும் முக்குளிப்புக் கருவி வாடகையும் – 150 ரிங்கிட்
பயணக் காப்புறுதி (5 × 15) – 75 ரிங்கிட்
வழியில் உணவு – 150 ரிங்கிட்
கூட்டுத்தொகை – 1,125 ரிங்கிட்

மொத்தச் செலவு 3,775 ரிங்கிட். ஐவருக்கும் பகிர்ந்தால் ஒருவருக்கு 755 ரிங்கிட். விளம்பர விலை 550. உண்மைச் செலவு 755. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனித்திடுக. கூடுதல் செலவுகள் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. இந்தக் கணக்கை வீட்டில் அமர்ந்து முன்கூட்டியே போட்ட குடும்பம் மகிழ்ச்சியோடு புறப்படும். படகுத்துறையில் நின்றுகொண்டு போடும் குடும்பத்துக்கு மனம் கசக்கும். பிள்ளைகள் முன்னிலையில் பெற்றோர் பணத்துக்காக வாதாடும் நிலையும் ஏற்படலாம். “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

விலை மிகக் குறைவாக இருந்தால்

சில சுற்றுலாக்களின் விலை, விமானச் சீட்டின் விலையைவிடக்கூடக் குறைவாக இருக்கும். இது எப்படி இயலும்? பயணிகளைக் குறிப்பிட்ட கடைகளுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் வாங்கும் பொருள்களுக்குத் தரகுத் தொகை பெறுவதன் மூலம் நிறுவனம் தன் இழப்பை ஈடுகட்டிக்கொள்கிறது. நகைக்கடையில் இரண்டு மணி நேரம், மருந்துக்கடையில் ஒரு மணி நேரம் எனப் பயணிகளின் பொழுது கரையும். ஒன்றும் வாங்காதவர்களைப் பார்த்து வழிகாட்டி முகம் சுளிப்பதும் உண்டு. சீன நாடு 2013ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்த சுற்றுலாச் சட்டத்தின்வழி இத்தகைய கட்டாயக் கடைச் சுற்றுலாக்களைத் தடைசெய்தது. தாய்லாந்து அரசும் 2016ஆம் ஆண்டு இவற்றுக்கு எதிராகக் கடும் நடவடிக்கை எடுத்தது. நியாயமான விலையில் பாதிகூட இல்லாத ஒரு விளம்பரத்தைக் கண்டால், மீதிப் பாதியை யார், எங்கே, எப்படிக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

மதிலுக்கு வெளியே இருப்பவர்கள்

தொகுப்புச் சுற்றுலாவில் பங்கேற்காத, ஆனால் அதனால் பாதிக்கப்படும் மற்றொரு தரப்பும் உண்டு. விடுதிக்குள்ளேயே உணவும் பானமும் பொழுதுபோக்கும் கிடைத்துவிட்டால் பயணி வெளியே வரமாட்டார். அப்போது சாலையோர உணவுக் கடைக்காரருக்கும், வாடகை வண்டி ஓட்டுநருக்கும், கைவினைப் பொருள் விற்பவருக்கும் வருமானம் கிடைக்காது. ஊரின் கடற்கரை அழகுக்காகவே பயணிகள் வருகிறார்கள்; அவர்கள் செலவிடும் பணமோ ஊர் மக்களின் கைக்கு முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாடு இச்சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது. உள்ளூர் சிறு வணிகர்கள் எழுப்பிய குரலைக் கேட்டு, அனைத்தும் அடங்கிய தொகுப்புகளுக்கு அந்நாட்டு அரசு 1999ஆம் ஆண்டு தடை விதித்தது. ஆனால், ஏறத்தாழ ஓராண்டிலேயே அத்தடை நீக்கப்பட்டது. பயணிகள் வேறு நாடுகளுக்குச் சென்றுவிடுவார்கள் என்ற அச்சம் வலுத்ததே அதற்குக் காரணம். சட்டத்தால் எளிதில் தீர்க்க முடியாத இச்சிக்கலில் பயணியும் ஒரு சிறு பங்காற்ற முடியும். செராத்திங்கிலோ திரங்கானுவிலோ தங்கும்போது, விடுதிக்கு வெளியே ஒரு வேளையாவது வந்து, உள்ளூர்க் கடையில் சுடச்சுடக் கெரோப்போக் லெக்கோர் வாங்கிச் சாப்பிடலாம். அதைப் பொரிப்பவரோடு நாலு வார்த்தை பேசலாம். எந்தத் தொகுப்பிலும் அடங்காத இன்பம் அது.

நிறுவனம் முடங்கினால்

தாமஸ் குக் தொடங்கி வைத்த தொழிலிலிருந்து வளர்ந்த நிறுவனம் 178 ஆண்டுகள் நிலைத்து நின்று, 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நொடித்துப்போனது. அன்று 150,000க்கும் மேற்பட்ட பிரிட்டன் பயணிகள் வெளிநாடுகளில் இருந்தனர். நிறுவனம் விடுதிகளுக்குப் பணம் செலுத்தாமல் போய்விடுமோ என்று அஞ்சிய துனிசியாவிலுள்ள ஒரு விடுதி, தன் விருந்தினர்களை வெளியே விடாமல் கதவை அடைத்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. பயணிகள் தாங்கள் தர வேண்டியதை முன்பே கொடுத்துவிட்டிருந்தனர். அந்தப் பணம் விடுதிக்குப் போய்ச் சேரவில்லை. பிரிட்டன் அரசின் விமானப் போக்குவரத்து ஆணையம் விமானங்களை வாடகைக்கு அமர்த்தி, இரண்டு வாரங்களில் பயணிகளைத் தாயகம் கொண்டுவந்து சேர்த்தது. தொகுப்புச் சுற்றுலா செல்வோரிடமிருந்து சிறு தொகை பெற்று உருவாக்கப்பட்டிருந்த பாதுகாப்பு நிதி அப்போது கைகொடுத்தது.

மலேசியாவில் சுற்றுலா நடத்தும் நிறுவனமும் பயண முகவரும் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு இந்த உரிமத்தை வழங்குகிறது. உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். சமூக ஊடகத்தில் அழகிய படங்களைப் போட்டு, தனிமனிதரின் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தச் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை.

வாங்கிய சேவை எழுதிக் கொடுத்தபடி கிடைக்காவிட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞரை அமர்த்த வேண்டியதில்லை. ஆனால், சான்று தேவை. விளம்பரத் துண்டு, பயண நிரல், கட்டண இரசீது, முகவரோடு நடந்த உரையாடல் ஆகியவற்றைப் பயணம் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வாய்ச்சொல்லாகக் கிடைத்த உறுதியை நிலைநாட்டுவது கடினம்.

பணம் செலுத்தும் முன் கேட்க வேண்டியவை

1. அடங்குபவை, அடங்காதவை ஆகிய இரண்டின் பட்டியலும் எழுத்து வடிவில் கிடைக்குமா?
2. எத்தனை வேளை உணவு? எந்த வேளையில் தொடங்கி எந்த வேளையில் முடியும்?
3. வரி, அன்பளிப்பு, விடுமுறைக் காலக் கூடுதல் கட்டணம் ஆகியவை விலையில் சேர்ந்துள்ளனவா?
4. நாங்கள் பயணத்தைக் கைவிட்டால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்? புறப்படும் நாள் நெருங்க நெருங்க அத்தொகை எப்படிக் குறையும்?
5. போதிய ஆள் சேரவில்லை என நிறுவனமே பயணத்தைக் கைவிட்டால் என்ன செய்யும்?
6. எத்தனை கடைகளுக்கு அழைத்துச் செல்வீர்கள்? அங்கே எவ்வளவு நேரம்?
7. அவசர நேரத்தில் யாரை அழைப்பது?

இவற்றைக் கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. நேர்மையான முகவர் இவ்வினாக்களுக்குத் தெளிவாக விடையளிப்பார். விடை சொல்லத் தயங்குபவரிடம் பணம் கொடுக்க நாமும் தயங்கலாம்.

தொகுப்புச் சுற்றுலா சாதாரணக் குடும்பங்களுக்கும் உலகைக் காணும் வாய்ப்பைத் தந்துள்ளது. அந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்த விரும்புவோர் முதலில் மேற்கொள்ள வேண்டிய பயணம், விளம்பரத்தின் பெரிய எழுத்துகளிலிருந்து அதன் அடியிலுள்ள சிறிய எழுத்துகளை நோக்கியது. வீட்டில் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் படிக்கத் தெரிந்தவர் நீங்களாகவே இருக்கலாம். பெற்றோர் பணம் செலுத்துவதற்கு முன் அந்தச் சிறிய எழுத்துகளை அவர்களுக்குப் படித்துக் காட்டுவது, நீங்கள் கற்ற மொழியால் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய ஒரு நல்ல உதவி.

அருஞ்சொற்பொருள்

தொகுப்பு – பலவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது
பயண நிரல் – பயணத்தின் நாள்வாரி நிகழ்ச்சிப் பட்டியல்
கடப்பிதழ் – வெளிநாடு செல்வதற்கான அடையாள ஆவணம்
காப்புறுதி – இழப்பு நேர்ந்தால் ஈடு தரும் ஒப்பந்தம்
தரகுத் தொகை – விற்பனைக்கு உதவியவர் பெறும் பங்கு
நொடித்துப்போதல் – கடனால் தொழில் நடத்த முடியாத நிலையை அடைதல்
பயனீட்டாளர் – பொருளையோ சேவையையோ வாங்கிப் பயன்படுத்துபவர்

கருத்துணர் வினாக்கள்

1. ‘அனைத்தும்’ என்ற சொல்லைக் கட்டுரையாளர் ஏன் ஒரு பட்டியலின் தலைப்பு என்கிறார்?
2. தொகுப்புச் சுற்றுலாவின் விலை குறைவதற்கான காரணங்கள் யாவை?
3. முழு உணவுத் திட்டத்துக்கும் அனைத்தும் அடங்கிய திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. ரெடாங் தீவுக்குப் பெரும்பாலோர் தொகுப்புச் சுற்றுலாவாகச் செல்வதற்கான காரணம் என்ன?
5. “பெயர் அன்பளிப்பு, நடைமுறையில் அதுவும் ஒரு கட்டணமே.” இவ்வரியின் கருத்தை விளக்குக.
6. காம்பியா அரசு விதித்த தடை நியாயமானதா? அதை நீக்கியது சரியா? உமது கருத்தைத் தக்க காரணங்களுடன் எழுதுக.
7. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்னும் பழமொழி இக்கட்டுரைக்கு எவ்வகையில் பொருந்துகிறது?

நடவடிக்கை

1. நாளிதழில் வெளிவந்த ஒரு சுற்றுலா விளம்பரத்தைக் குழுவாகத் தேர்ந்தெடுத்திடுக. அடங்குபவை, அடங்காதவை, தெளிவாகக் கூறப்படாதவை என மூன்று பத்திகளில் விவரங்களைப் பட்டியலிடுக. நால்வர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு ஆகக்கூடிய மொத்தச் செலவைக் கணக்கிட்டு வகுப்பில் படைத்திடுக.
2. முகவர் எழுதிக் கொடுத்தபடி இரண்டு வேளை உணவும் ஓர் இடத்துக்கான நுழைவுச் சீட்டும் கிடைக்கவில்லை எனக் கொண்டு, அந்நிறுவனத்தின் நிர்வாகிக்கு 120 சொற்களில் ஒரு புகார்க் கடிதம் எழுதுக.